சிறு டிராக்டருக்கு டயரும் புல்வெட்டியும்: முதலில் மண்ணைக் கேளுங்கள்

நாகபுரியைச் சுற்றிக் காட்டோல் சாலையிலும் உம்ரேட் சாலையிலும் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று தோட்டம் வைத்திருக்கின்றன. ஆரஞ்சு, எலுமிச்சை, கொஞ்சம் மா, ஓரமாக ஒரு சிறிய வீடு. பெரும்பாலும் பணி ஓய்வுப் பணத்தில் உருவானவை. கூலி ஆள் கிடைப்பது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டு வருவதால், இப்போது ஒவ்வொருவராகச் சிறு டிராக்டர் வாங்க யோசிக்கிறார்கள். 15 முதல் 30 குதிரைத்திறன் வரை உள்ள குட்டை டிராக்டர்களைத்தான் சொல்கிறேன். சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது என்னிடம் வரும் கேள்வி எப்போதும் ஒன்றேதான். "சார், எந்தக் கம்பெனி நல்லது?"

அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, உங்கள் மண் எப்படிப்பட்டது என்பது. இரண்டாவது, அதில் முளைப்பது என்ன, அதை வெட்டி என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. மண் டயரைத் தீர்மானிக்கும். புல் புல்வெட்டியைத் தீர்மானிக்கும். இரண்டும் சேர்ந்து எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். விற்பனைக் கூடத்தில் இந்த வரிசை தலைகீழ். அங்கே முதலில் டிராக்டர், பிறகு கடன் தவணை. டயர் "கூடவே வரும்", புல்வெட்டி "பிறகு பார்த்துக்கலாம்".

என் பழைய சகா ஒருவர் காலமான பிறகு, அவருடைய மனைவி மூன்று ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தைத் தனியாகக் கவனித்து வருகிறார். ஒரு நாள் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, 45 ஹெச்.பி. வண்டி எடுத்துக்கோங்க, எல்லா வேலையும் அதுலயே ஆயிடும்னு சொல்றாங்க. பேப்பர் எல்லாம் ரெடியாம். கையெழுத்துப் போட்டுடலாமா?"

"போடாதேம்மா. நாளைக்குக் காலையில நான் வரேன். டேப்பும் மண்வெட்டியும் எடுத்து வை, போதும்."

அவர் கணவர் விட்டுப்போன சேமிப்பில் பாதி அந்தக் கையெழுத்தில் அடங்கியிருந்தது. ஆகவே அவருடைய தோட்டத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைச் சொல்கிறேன். எண்கள் உங்களுக்கு மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

மண்ணும் எடையும்

ரயில்வேயில் பெர்மனென்ட் வே என்று சொல்லும் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் காலம் கழித்தவன் நான். கரிசல் மண் எனக்குப் பழைய எதிரி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் உப்பிக் களியாகும். அந்த மண்ணில் கரை போட்டால் ஜல்லி மண்ணுக்குள் புதையும், களி ஜல்லிக்கு நடுவே பிதுங்கி மேலே வரும். அதனால்தான் ஜல்லிக்கும் கரைக்கும் நடுவில் தரமான பருமண் அடுக்கு ஒன்றைப் போடுகிறோம். தோட்டத்தில் அப்படி அடுக்குப் போட முடியாது. அங்கே எடைக்கும் மண்ணுக்கும் நடுவில் இருப்பது டயர் மட்டுமே.

ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு நாணயத்தின் அளவு. சரக்கு வண்டியில் அந்த நாணயத்தின் மேல் 10 டன் உட்காரும். எஃகு தாங்குகிறது; மண் தாங்காது. காற்றடைத்த டயருக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை விடச் சற்றே கூடுதலாக இருக்கும். 12 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.85 கிலோ. 30 பி.எஸ்.ஐ. என்றால் 2 கிலோவுக்கு மேல். பெட்ரோல் பங்கில் காருக்கு அடிக்கிற 30ஐ டிராக்டரின் பின் டயருக்கும் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த ஒரு காரியத்தால் மண்ணின் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. டயர் கம்பெனியின் அட்டவணையில் உங்கள் எடைக்கு எவ்வளவு போட்டிருக்கிறதோ அதைத்தான் அடிக்க வேண்டும். டிராலியில் பாரம் ஏற்றித் தார்ச்சாலையில் போகும் நாளுக்கு வேறு அளவு இருக்கும், அதையும் அட்டவணையில் பாருங்கள்.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். ஆரஞ்சு மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடிக்குள்ளேயே பரவியிருக்கும். கரிசல் மண்ணைக் கனமான சக்கரம் அழுத்தினால் தண்ணீர் இறங்காது, வேருக்குக் காற்றும் போகாது. தேங்கிய ஈரத்தில் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை வகை நோய் வேரை அழுகச் செய்யும். இந்தப் பக்கத்து ஆரஞ்சு விவசாயிகளுக்கு அந்த நோய் நன்றாகத் தெரியும். களை எடுக்கிறேன் என்று ரோட்டவேட்டரை மரத்தடியில் ஓட்டினாலும் மேல் வேர்கள் அறுபடும். அறுந்த இடம் நோய்க்கு வாசல். உழாமல் புல்லை வெட்டி, வெட்டியதை அங்கேயே மூடாக்காக விடுவது ஆரஞ்சுக்கு நல்லது என்பதற்கு இதுதான் காரணம். டிராக்டர் வாங்குவதே மரத்தைக் காப்பாற்ற. எடை கூடிய டிராக்டரை வாங்கி அதே மரத்தைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. 45 குதிரைத்திறன் வண்டி, மூன்று ஏக்கர் தோட்டத்துக்கு வேண்டாம் என்று நான் சொன்ன முதல் காரணம் அதன் எடை. விலை இரண்டாவது.

இங்கே மராட்டிக்காரர்கள் 'வாஃப்சா' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். நம் ஊரில் மண்ணுக்குப் 'பதம்' வந்துவிட்டது என்கிறோமே, அதுதான். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். விழுந்து உதிர்ந்தால் டிராக்டர் இறங்கலாம். அப்படியே சப்பென்று ஒட்டிக்கொண்டால் எந்த டயர் போட்டிருந்தாலும் இறங்கக் கூடாது.

டயரில் நான்கு வகை

ஆர்-1 என்பது சாதாரண உழவு டயர். சாய்ந்த உயரமான ரப்பர் பட்டைகள் மண்ணைக் கவ்வும். பட்டைகளுக்கு நடுவே உள்ள அகல இடைவெளியில் ஒட்டும் களி, சக்கரம் சுற்றும்போது தானே உதிர்ந்துவிடும். ஆர்-2 நெல் வயலுக்கு உரியது. பட்டை இன்னும் உயரம். சேற்றில் நன்றாகப் போகும், உலர்ந்த புல்தரையை உழுதுவிடும். ஆர்-3 புல்தரை டயர். அகலமான உடம்பு, ஆழமில்லாத சின்னச் சின்னக் கட்டைகள், தரையில் தடம் பதியாது. ஆர்-4 தொழிற்சாலை வகை. தடித்த பட்டை, பலமான பக்கச் சுவர், கல்லும் முரமும் நிறைந்த இடத்தில் நீடித்து உழைக்கும்.

பங்களாத் தோட்டம், பள்ளிக்கூட மைதானம், கிரிக்கெட் திடல் போன்ற இடங்களுக்கு ஆர்-3ஐத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் அதே டயர் நம் கரிசல் மண்ணில் ஜூலை மாதம் அரை மணி நேரம் ஓடினால் கட்டைகளின் நடுவே களி அப்பி, வழவழவென்று உருண்டையாகிவிடும். பிரேக் போட்டாலும் வழுக்கும். சரிவான வரப்பில் அது ஆபத்து. முரம் மண்ணும் கருவேல முள்ளும் உள்ள மேட்டு நிலத்துக்கு ஆர்-4 ஒத்துவரும். தோட்டம் கரிசலாக இருந்தால் ஆர்-1தான், குறைந்த காற்றோடு. அந்த அம்மாவின் தோட்டத்துக்கு அதையே சொன்னேன். விற்பனையாளர் கூடுதல் பணத்துக்கு உயரப் பட்டை டயர் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். நெல் நடாத தோட்டத்துக்கு அது எதற்கு?

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 8.3-24 என்றால் டயரின் குறுக்கு அகலம் 8.3 அங்குலம், ரிம்மின் விட்டம் 24 அங்குலம். 6 பி.ஆர்., 8 பி.ஆர். என்பது சுமை தாங்கும் பலத்தின் குறியீடு. முள்ளுக்காட்டில் கூடுதல் பி.ஆர். கொஞ்சம் உதவும், ஆனால் சுவர் விறைப்பாகி மண்ணைக் கூடுதலாக அழுத்தும். ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. கடை மூலையில் நான்கைந்து வருடம் வெயில் காய்ந்த டயரைப் புதிது என்று தள்ளிவிடுவது நடக்கிறது. அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்னொன்று, பட்டையின் திசை. டிராக்டருக்குப் பின்னால் நின்று பின் டயரைப் பாருங்கள். பட்டைகள் ஓட்டு வீட்டுக் கூரை போல, முனை மேலே பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் நடு முனை முதலில் மண்ணில் இறங்கி, களியை இரு பக்கமும் தள்ளும். மாற்றிப் போட்டால் களி நடுவில் சேரும், இழுப்பும் குறையும். சுவரில் அம்புக்குறியும் இருக்கும். தட அகலத்தைக் கூட்டுவதற்காகச் சக்கரத்தைத் திருப்பி மாட்டும்போதுதான் இது பெரும்பாலும் தவறிப்போகிறது.

நான்கு சக்கர இழுவையில் ஒரு கணக்கு

இப்போது வரும் சிறு டிராக்டர்களில் பல நான்கு சக்கர இழுவை கொண்டவை. அவற்றில் முன் சக்கரம் சிறியது, பின் சக்கரம் பெரியது. ஆகவே முன் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். எத்தனை மடங்கு என்பது பல்சக்கரங்களில் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த விகிதம், தொழிற்சாலையில் போட்ட டயர் அளவுகளுக்கு ஏற்ப அமைந்தது. முன் சக்கரம் தரையின் வேகத்தை விட ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை முந்திச் சுற்றும்படி வைத்திருப்பார்கள். அப்போதுதான் முன்பக்கம் இழுக்கும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். காற்று சரியாக இருக்கட்டும். சமமான மண் தரையில், முன் பின் சக்கரங்களில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். முதலில் முன் இழுவையைத் துண்டித்துவிட்டு, பின் சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று சுற்றும் தூரம் நேராக ஓட்டச் சொல்லி, முன் சக்கரம் எத்தனை சுற்று என்று கூடவே நடந்து எண்ணுங்கள். 15.5 என்று வைத்துக்கொள்வோம். பிறகு முன் இழுவையை இணைத்து அதே பத்துச் சுற்று. இப்போது 16 வந்தால் வித்தியாசம் 0.5. அதை 15.5ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 3.2 சதவீதம். நல்ல நிலை.

நம் அன்பர் ஒருவருக்கு 8.3-24 பின் டயர் தேய்ந்துபோனபோது, ஒரு கடையில் 9.5-24 போட்டுக் கொடுத்தார்கள். ரிம் அதே 24தான், அழகாகப் பொருந்தியது. அகலமாக இருக்கிறது என்று அவருக்கும் திருப்தி. ஆனால் அந்த டயரின் சுற்றளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுதல். நான் எண்ணிப் பார்த்தபோது இழுவையைத் துண்டித்தால் 16.3, இணைத்தால் 16. அதாவது ஏறக்குறைய மைனஸ் 2 சதவீதம். பின் சக்கரம் தள்ள, முன் சக்கரம் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. டீசல் ஏன் கூடுகிறது என்று அவருக்குப் புரியாமல் இருந்திருக்கிறது. நல்லவேளை, முன் அச்சின் பல்சக்கரம் உடைவதற்கு முன் பழைய அளவுக்கே மாற்றிவிட்டோம். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் டயர் அளவை மாற்றினால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும், அதையும் அளந்து பார்த்த பிறகே. தார்ச்சாலையில் போகும்போது முன் இழுவையைத் துண்டித்துவிடுவதும் இதே காரணத்தால்தான். மண்ணில் அந்த மூன்று சதவீதம் சறுக்கிச் சரியாகிவிடும்; தாரில் சறுக்க இடமில்லாமல் பல்சக்கரம் அதைத் தாங்கும்.

பின் டயரில் தண்ணீர் நிரப்புவது பற்றியும் கேட்கிறார்கள். உழவுக்கு இழுப்புப் போதாதபோது செய்வது அது. புல் வெட்ட வேண்டாம்.

என்ன முளைக்கிறது?

அந்தத் தோட்டத்தில் நாங்கள் முதலில் வரிசை வரிசையாக நடந்தோம். ஒரு பக்கம் அருகம்புல். இங்கே அதை ஹரளி என்கிறார்கள். பிள்ளையாருக்கு வைக்கும்போது மட்டும் துர்வா. இன்னொரு பக்கம் கோரை. வேலி ஓரம் முழுக்கப் பார்த்தீனியம், மராட்டியில் காஜர் கவத். இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. பார்த்தீனியம் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. பூப்பதற்கு முன் வெட்டிவிட வேண்டும், பூத்த பிறகு வெட்டினால் விதையை நாமே பரப்பியதாகும். கோரையைப் பொறுத்தவரை எந்த வெட்டியும் அதை ஒழிக்காது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. மட்டமாக வைக்கலாம், அவ்வளவுதான்.

டிராக்டர் புல்வெட்டிகளில் நமக்கு வேண்டியவை நான்கு. ஸ்லாஷர் என்பது தகட்டுக் கூண்டுக்குள் கிடையாகச் சுழலும் கனத்த கத்திகள். கத்திகள் ஆணியில் தளர்வாகத் தொங்கும். கல்லில் பட்டால் மடங்கிக்கொள்ளும். முரட்டுக் களை, சிறு செடி எல்லாவற்றையும் வெட்டும். வெட்டு அழகாக இருக்காது, வெட்டிய புல் திட்டுத் திட்டாக விழும். விலை குறைவு, பழுது பார்ப்பது சுலபம்.

ஃபிளெய்ல் என்று சொல்லும் முல்ச்சரில் குறுக்கே படுத்த உருளை ஒன்றில் ஏராளமான சின்னக் கத்திகள் இருக்கும். புல்லைப் பொடிப் பொடியாக நறுக்கிச் சீராகப் பரப்பும். மூடாக்குக்கு இதுதான் முதல் தரம். கல்லையும் தூரம் எறியாது. நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் கொடி கவாத்து செய்த குச்சிகளைக்கூட இதனால் நறுக்குகிறார்கள். ஆனால் அதே அகலத்துக்கு ஸ்லாஷரை விட அதிகச் சக்தி கேட்கும், எடையும் விலையும் அதிகம், கத்திகளின் எண்ணிக்கையும் அதிகம்.

ஃபினிஷ் மோவர் புல்தரைக்கு. மூன்று கத்தி, நான்கு மூலையில் சிறு சக்கரம், ஒட்ட வெட்டும். தோட்டத்துக் களையில் விட்டால் பெல்ட் கருகும். நான்காவது, கத்தரி போல இடவலமாக ஓடும் நீளக் கத்தி. தண்டை முழுசாகப் படுக்க வைக்கும். மாட்டுக்குத் தீவனம் வேண்டுபவர்கள் இதை வாங்கலாம். சக்தி மிகக் குறைவாகக் கேட்கும். மாடு இல்லாத வீட்டுக்கு வேண்டாம்.

அகலத்துக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. ஸ்லாஷருக்கு ஓர் அடி அகலத்துக்குச் சுமார் 5 குதிரைத்திறன், அதுவும் பின்னால் உள்ள பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் சக்தியில். இன்ஜினில் எழுதியிருப்பதில் ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து சதவீதம் வழியிலேயே போய்விடும். 24 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் தண்டில் 21 போலக் கிடைக்கும். நாலடி ஸ்லாஷருக்கு 20 போதும். ஆக நாலடி சரி. அதோடு, புல்வெட்டி பின் சக்கரங்களின் வெளி விளிம்பை விட அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் படுக்க வைத்த புல் வெட்டுப்படாமல் நின்று, இரண்டு நாளில் கோடு போட்டாற்போல எழுந்துவிடும். அந்த வண்டியில் வெளி விளிம்பு 1.05 மீட்டர், ஸ்லாஷர் 1.2 மீட்டர்.

நேரக் கணக்கையும் பாருங்கள். மணிக்கு 4 கிலோமீட்டர், 1.2 மீட்டர் அகலம், ஓரம் மேலேறுவதற்குப் பத்து சதவீதம் கழித்தால் மணிக்கு 4,320 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 4,047. திரும்பும் நேரத்தைக் கழித்தால் மணிக்கு முக்கால் ஏக்கருக்குக் குறையாது. ஆறு மீட்டர் இடைவெளி வரிசையில் மரக் கிளைகள் போக நடுவே இரண்டு மீட்டர் கிடைத்தது. போக ஒரு தடவை, வர ஒரு தடவை. மரத்தடியைக் கையால்தான் வெட்ட வேண்டும். மூன்று ஏக்கர் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். 45 குதிரைத்திறன் வண்டி அந்த இரண்டு மீட்டர் சந்தில் நுழைந்து கிளைகளை முறிக்காமல் திரும்பியிருக்காது. அந்த அம்மா வாங்கியது 24 குதிரைத்திறன், ஆர்-1 டயர், நாலடி ஸ்லாஷர். முல்ச்சரைத் தேவைப்படும்போது வாடகைக்கு எடுக்கிறார்.

டிராக்டரின் உண்மையான பி.டி.ஓ. சக்தியையும் எடையையும் விளம்பரத் தாளில் தேட வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் மத்திய அரசின் விவசாய இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் இருக்கிறது. இடார்சியிலிருந்து போபால் போகும்போது நர்மதைப் பாலத்தைத் தாண்டியதும் வரும் ஊர். அங்கே டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறார்கள். விற்பனையாளரிடம் உங்கள் மாடலின் புத்னி அறிக்கையைக் கேளுங்கள். எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கு என் பதில் அந்த அறிக்கையும், இருபது கிலோமீட்டருக்குள் உதிரிப் பாகம் கிடைக்கிறதா என்பதும்தான்.

கத்தியின் வேகம்

இனிச் சொல்வதைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஆளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. ஸ்லாஷரின் கியர்பெட்டி அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். 1,040 என்று வையுங்கள். 1.2 மீட்டர் விட்டத்தில் கத்தி நுனியின் வேகம் வினாடிக்கு 65 மீட்டர், மணிக்கு 235 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயிலின் 160ஐ விட எவ்வளவோ அதிகம். அதில் ஒரு ஜல்லிக் கல் பட்டால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் தொங்கும் சங்கிலித் திரை அதற்காகத்தான். புல் மாட்டுகிறது என்று அதைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டும் நேரத்தில் குழந்தைகள் வீட்டுக்குள், கதவு சாத்தி இருக்க வேண்டும்.

சில டிராக்டர்களில் 540 தவிர 750 அல்லது 1,000 என்ற நிலையும் உண்டு. 540க்குச் செய்த புல்வெட்டியை 750இல் ஓட்டினால் வேகம் 39 சதவீதம் கூடும். கத்தியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த லீவரில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைப்பது நல்லது.

540 என்றால் வினாடிக்கு 9 சுற்று. மூடி கழன்ற ஐந்து சென்டிமீட்டர் தண்டில் ஒரு துணி நுனி மாட்டினால் வினாடிக்கு 1.4 மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். வேட்டி, தோளில் துண்டு, புடவைத் தலைப்பு, துப்பட்டா எதுவானாலும் சரி, கை எடுப்பதற்குள் ஆளை இழுத்துவிடும். தண்டின் பிளாஸ்டிக் மூடி உடைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, புது மூடி வந்த பிறகுதான். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய அமைப்பு வண்டிகளில், பி.டி.ஓ.வுக்கும் சக்கரத்துக்கும் ஒரே கிளட்ச் இருந்தால், இன்னொரு ஆபத்து உண்டு. வரப்பு ஓரத்தில் கிளட்சை மிதிப்பீர்கள். இன்ஜின் விலகிவிடும். ஆனால் சுழலும் ஸ்லாஷர் கத்திகள் தம் வேகத்தைத் தண்டு வழியாகக் கியர்பெட்டிக்குத் திருப்பிக் கொடுத்து, வண்டியை இன்னும் சில அடி முன்னே தள்ளும். நிற்க வேண்டிய வண்டி கால்வாய்க்குள் இறங்கும். தண்டில் ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சிறு உருப்படியை மாட்டினால் இது நிற்கும். டிராக்டர் விலையில் அது ஒன்றுமே இல்லை. கரிசல் தோட்டங்களில் வரிசைகளுக்கு நடுவே வடிகால் வெட்டியிருப்பார்கள்; அதன் ஆழம் எத்தனை அடியோ, விளிம்பிலிருந்து குறைந்தது அத்தனை அடி தள்ளியே சக்கரம் போக வேண்டும். சரிவில் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். கவிழ்ந்தால் காக்கும் வளைவுச் சட்டம் இருந்தால், சீட் பெல்ட்டும் போட்டிருந்தால்தான் அது பயன்படும்.

தண்டின் நீளத்தைப் புதிதாக மாட்டும்போதே அளக்க வேண்டும். ஸ்லாஷரைக் கீழே இறக்கியும் முழுதும் தூக்கியும் பாருங்கள். தண்டு மிகக் குறுகும் நிலையில் உள் குழாய் முட்டக் கூடாது. மிக நீளும் நிலையில் உள்ளும் வெளியும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். தூக்கிய நிலையில் முன் சக்கரங்களில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. முன்னால் எடைக் கட்டிகளை மாட்டச் சொல்லுங்கள்.

புது டயர் போட்ட அன்று ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், அன்று மாலை இன்னொரு முறை. ஸ்லாஷர் கத்தி ஆணிகளுக்கும் அதே முறை. அதற்கு முன் இன்ஜினை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தூக்கிய ஸ்லாஷருக்கு அடியில் நான்கு மரக்கட்டை கொடுத்துவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும். ஹைட்ராலிக் தாங்கும் என்று நம்பி அடியில் படுக்காதீர்கள். ரயில்வேயில் பழைய ஸ்லீப்பர் கட்டை ஏலத்தில் வந்தால் இரண்டு வாங்கி அறுத்து வைத்துக்கொள்ளலாம், இந்த வேலைக்கு அதைப் போல வேறு எதுவும் வராது.